பேசாதவங்களுக்கு ஒரு குரூப்: இன்ட்ரோவர்ட்னா யாரு, அவங்கள ஆன்லைன்ல எப்படி ஒண்ணா வச்சுக்கறது

பாண்டிச்சேரில யாராவது "இன்ட்ரோவர்ட்ஸ்"னு பேர் போட்டு ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சா மொதல் வாரம் எப்படி போகும்னு எனக்கு இப்ப மனப்பாடமாவே தெரியும். அட்மின் ஒரு வணக்கம் போடுவார், கையோட "எல்லாரும் ஒரு இன்ட்ரோ குடுத்துடுங்க, பேரு, ஏரியா, என்ன பண்றீங்க, ஹாபி, முடிஞ்சா ஒரு போட்டோ"ன்னு கேப்பார். லாஸ்பேட்டைலேர்ந்து ஒருத்தர் நாலு பாரா எழுதுவார், அதுக்கு பத்து பேர் கைதட்டுவாங்க, மீதி அத்தன பேரும் போன கவுத்து வச்சுட்டு "சாயந்தரமா எழுதலாம்"னு தள்ளிப்போட்டு அப்புறம் எழுதவே மாட்டாங்க. வாரக் கடைசில அட்மினே வந்து "என்னப்பா குரூப் இவ்ளோ அமைதியா இருக்கு, யாராச்சும் பேசுங்க"ம்பார். அமைதியா இருக்கறவங்கள தேடிப் புடிச்சு சேத்துட்டு அமைதியா இருக்கீங்களேன்னு கேட்டா என்ன பண்றது.

ஆன்லைன்னாலே இன்ட்ரோவர்ட்டுக்கு சவுகரியம்னு ஒரு நம்பிக்கை ஓடிட்டு இருக்கு. பாதிதான் சரி. நேர்ல நம்மள எது களைப்பாக்குதோ அதையே போன்லயும் செஞ்சா போன்லயும் களைப்பாத்தான் இருக்கும், எடத்த மாத்தினா மட்டும் போதாது, நடைமுறைய மாத்தணும். அந்த நடைமுறை என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி இன்ட்ரோவர்ட்னா யாருன்னு கொஞ்சம் சரியா பாத்துடலாம், ஏன்னா இந்த வார்த்தைய இப்ப எல்லாத்துக்கும் ஒட்டறாங்க.

இத பிரபலமாக்கினது சுவிட்சர்லாந்து மனநல டாக்டர் கார்ல் யுங், 1921ல. மனுஷனோட கவனமும் ஈடுபாடும் எந்தப் பக்கம் திரும்புது, வெளில இருக்கற ஆளுங்க, சம்பவங்க பக்கமா (எக்ஸ்ட்ரோவர்ட்), இல்ல தனக்குள்ள ஓடற யோசனைங்க பக்கமா (இன்ட்ரோவர்ட்), இதான் அவர் கேட்ட கேள்வி. முழுக்க இந்தப் பக்கம், முழுக்க அந்தப் பக்கம்னு மனுஷங்கள பிரிச்சுட முடியாது, நடுவுல இருக்கறவங்கதான் ஜாஸ்தின்னு அவரும் எழுதியிருக்கார். அந்த நடு ஆளுங்களுக்கு ஆம்பிவர்ட்னு 1923லயே பேர் வந்துடுச்சு. நீங்க ஆன்லைன்ல ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் எழுதி INFP மாதிரி நாலு எழுத்து வாங்கி பயோல போட்டுக்கறீங்களே, அது இந்த நடுப்பகுதியயே காணாம பண்ணிடுது. நூத்துக்கு நாப்பத்தொம்போது எடுத்தவன் ஒரு கட்சி, அம்பத்தொண்ணு எடுத்தவன் வேற கட்சி. எனக்கு அந்த எழுத்துங்க மேல பெரிய மரியாதை இல்ல.

அடுத்து லண்டன்ல இருந்த உளவியல் ஆராய்ச்சிக்காரர் ஹான்ஸ் ஐசென்க். 1967ல அவர் வச்ச விளக்கம் உடம்பு சம்பந்தப்பட்டது. இன்ட்ரோவர்ட்டோட மூளை சும்மா இருக்கும்போதே கொஞ்சம் அதிகமா முழிச்சுட்டு இருக்கு, அதனால வெளிலேர்ந்து சின்ன தூண்டுதல் வந்தாலே அவங்களுக்குப் போதும். எக்ஸ்ட்ரோவர்ட்டுக்கு அந்த அளவு கம்மி, அதனால சத்தம், கூட்டம், வேகம் எல்லாத்தையும் அவங்க தேடிப் போறாங்க. நாக்குல எலுமிச்ச சாறு சொட்டு விட்டு யாருக்கு எச்சில் அதிகமா ஊறுதுன்னு கூட அந்தக் காலத்துல அளந்து பாத்தாங்க, இன்ட்ரோவர்ட்டுக்குத்தான் ஜாஸ்தி ஊறிச்சு. இன்னிக்கு மூளை விஷயம் அவ்ளோ நேர்கோடு இல்லன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, ஆனா தூண்டுதலோட அளவுதான் விஷயம்ங்கற பாயின்ட் இன்னும் நிக்குது. எனக்குப் புடிச்ச ஆதாரம் 1984ல ரஸ்ஸல் கீன் பண்ண பரிசோதனை. பின்னாடி ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கும், எவ்ளோ வேணும்னு நீங்களே வச்சுக்கலாம், அப்படியே ஒரு கத்துக்கற வேலைய முடிக்கணும். எக்ஸ்ட்ரோவர்ட்டுங்க சராசரியா 72 டெசிபல் வச்சாங்க, இன்ட்ரோவர்ட்டுங்க 55. அவங்கவங்க வச்ச அளவுல ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி நல்லா செஞ்சுது. மாத்தி வச்சதும் ரெண்டு கூட்டமும் சொதப்பிச்சு.

கடைசி வரிய ஒருக்கா திரும்பப் படிங்க. எக்ஸ்ட்ரோவர்ட்ட அமைதில உக்கார வச்சா அவனும் சொதப்பறான். யாருக்கு தெறமை ஜாஸ்திங்கற பேச்சே இதுல இல்ல. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைல கூட்டம் நெரிக்கும்போது அதுக்குள்ள பூந்து பூந்து ஃபுல் சார்ஜ் ஆகி வர்ற மாமா ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பார். அதே வீட்ல ஒரு பொண்ணு விடியக்காலைலயே போய் சாமி பாத்துட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவா. ரெண்டு பேருக்கும் பக்தி ஒண்ணுதான்.

இது பொறப்புலயே எவ்ளோ வருதுன்னு கேட்டா, இரட்டையர்கள வச்சு பண்ண ஆய்வுங்க ஏறக்குறைய பாதி பரம்பரைன்னு சொல்லுது. ஹார்வர்டுல ஜெரோம் கேகன் 1989ல நாலு மாசக் குழந்தைங்கள வச்சு ஒரு நீண்ட ஆய்வ ஆரம்பிச்சார். பலூன் வெடிக்கறது, புது கொரலு, கலர் கலரா ஆடற பொம்மை இதெல்லாம் காட்டினா ஏறக்குறைய அஞ்சுல ஒரு குழந்தை கை கால உதைச்சு பலமா அழும். நாம நெனைக்கறதுக்கு நேர் எதிரா, அந்தக் குழந்தைங்கதான் வளந்தப்பறம் ஜாக்கிரதையான, அமைதியான புள்ளைங்களா ஆறதுக்கு வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. எல்லாரும் ஆகல, அதையும் அவரே சொல்லியிருக்கார்.

இப்ப ரொம்ப கொழப்பற எடத்துக்கு வருவோம். கூச்சம் வேற, இன்ட்ரோவர்ஷன் வேற. கூச்சம்னா பேசணும்னு ஆசை இருக்கும், என்ன நெனைப்பாங்களோன்னு பயமும் இருக்கும். இன்ட்ரோவர்ட்டுக்கு பயம் இருக்கணும்னு அவசியமே இல்ல, மேடை ஏறி ஒரு மணி நேரம் பேசுவாங்க, எறங்கினதும் தனியா ஒரு டீ குடிக்கப் போயிடுவாங்க, அவ்ளோதான். ஜொனாதன் சீக்கும் அர்னால்ட் பஸ்ஸும் 1981லயே இந்த ரெண்டையும் தனித்தனியா அளந்து காட்டிட்டாங்க. நல்லா பழகணும்னு ஆசப்படற கூச்சக்காரங்க இருக்காங்க, கூச்சமே இல்லாம தனிமைய விரும்பறவங்களும் இருக்காங்க. இதுல மொத வகைதான் ரொம்ப கஷ்டப்படறாங்க.

இன்னும் ஒரு படி தள்ளி, வியாதின்னே சொல்லக்கூடிய ஒண்ணு இருக்கு. ஆஃபீஸ்ல நாலு பேர் முன்னாடி சாப்பிட முடியல, போன் அடிச்சா நெஞ்சு படபடக்குது, இன்டர்வ்யூவுக்கு பஸ் ஏறி ராஜா தியேட்டர் சிக்னல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடறாங்க, இப்படி வாழ்க்கையவே தடுத்துச்சுன்னா அது சோஷியல் ஆங்சைட்டி. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்ல 1980லேர்ந்து அதுக்கு தனி எடம் இருக்கு, சிகிச்சையும் இருக்கு, நல்லாவும் ஆகுது. "நான் இன்ட்ரோவர்ட்ப்பா"ன்னு அத மூடி வச்சுக்கறதுதான் இந்த வார்த்தை பரவினதுல நடந்த கெட்டது. 14416னு டெலி மானஸ், அதாவது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

மனுஷங்கள புடிக்காதுங்கறதும் இன்ட்ரோவர்ஷன் இல்ல. வள்ளலாரோட "தனித்திரு"வ ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு யாரும் வேணாம்னு உக்காந்திருக்கற தம்பிங்க நம்ம கடலூர் பக்கம் நெறைய. அவர் 1867ல வடலூர்ல தருமசாலை ஆரம்பிச்சு ஏத்தின அடுப்பு இன்னிக்கும் எரியுது, வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுது. தனித்திருன்னு சொன்ன ஆளு பண்ண வேலை அது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். "வாயுள்ள புள்ள பொழைக்கும்"னு சொல்லியே வளத்த எடம் இது. பேசாத புள்ளைக்கு வீட்ல கெடைக்கற பேர் ஊமைக்கோட்டான், உம்மணாமூஞ்சி, கல்லுளிமங்கன், கொஞ்சம் வசதியான வீட்டுப் புள்ளையா இருந்தா தலைக்கனம். கல்யாண மண்டபத்துல மேளம், அது முடிஞ்சா லைட் மியூசிக், ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுகிட்டு பெரியம்மா "ஏம்மா ஒரு மாதிரி இருக்க, ஒடம்பு சரியில்லையா"ன்னு காதுல கத்துவாங்க. அவங்க பாசமாத்தான் கேக்கறாங்க. அதுக்கு என்ன பதில் சொன்னாலும் இன்னும் ரெண்டு கேள்வி வரும், அதான் பிரச்சனை. காலேஜ் முடிக்கற நேரத்துல குரூப் டிஸ்கஷன்னு ஒண்ணு வைப்பாங்க, மொதல்ல வாயத் தொறந்தவனுக்கு மார்க்கு.

வெளியூர்க்காரங்க பாண்டி ரொம்ப அமைதியான ஊருன்னு சொல்லிட்டு வருவாங்க, வெள்ளிக்கிழம சாயந்தரத்துலேர்ந்து அவங்களே அந்த அமைதிய முடிச்சு வச்சுடுவாங்க. ஊர்க்காரங்களுக்குன்னு மிச்சம் இருக்கறது 1827ல ஆரம்பிச்ச ரோமன் ரோலண்ட் லைப்ரரி, வார நாள்ல பொட்டானிக்கல் கார்டன், விடியக்காலைல பீச் ரோடு. வீட்ல? முத்தியால்பேட்டைலயோ முதலியார்பேட்டைலயோ ரெண்டு ரூம் வீட்ல அஞ்சு பேர் இருக்கும்போது தனி ரூம்ங்கறது சினிமால வர்ற விஷயம். அங்க இன்ட்ரோவர்ட்டுக்கு கதவு வச்ச ஒரே ரூம் போன்தான். ஹெட்போன மாட்டிகிட்டா கதவ சாத்தின மாதிரி. ஆன்லைன் குரூப்ப பத்தி பேசும்போது இத மறக்கக் கூடாது, நீங்க அனுப்பற ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனும் அந்தக் கதவ தட்டற வேலை.

ஆராய்ச்சி இதுல என்ன சொல்லுதுன்னா ரெண்டு பக்கமும் சொல்லுது. 2002ல இஸ்ரேல்ல அமிச்சாய்-ஹாம்பர்கரும் கூட இருந்தவங்களும் சாட் யூஸ் பண்றவங்கள ஆராய்ஞ்சு, இன்ட்ரோவர்ட்டுங்க தங்களோட "நெஜமான நான்" வெளிப்படறது நெட்லதான்னு உணர்றாங்கன்னு சொன்னாங்க. மூஞ்சி தெரியல, உடனே பதில் சொல்ல வேணாம், எழுதிட்டு அழிச்சு திருப்பி எழுதலாம், சரியாத்தான் இருக்கு. ஆனா அதே 2002ல அமெரிக்கால பிட்ஸ்பர்க்ல ராபர்ட் க்ராட் டீம் வெளியிட்ட முடிவு தலைகீழ். நெட்ட அதிகமா யூஸ் பண்ண எக்ஸ்ட்ரோவர்ட்டுக்கு தனிமை கொறஞ்சுது, ஊர் காரியத்துல கலந்துக்கறது கூடிச்சு. இன்ட்ரோவர்ட்டுக்கு தனிமை கூடிச்சு. இருக்கறவனுக்கே மேல மேல சேருதுன்னு அவங்களே அதுக்கு பேர் வச்சாங்க. இது ரொம்ப பழைய நெட், டயல்-அப் காலம், அத அப்படியே இன்னிக்குப் பொருத்த முடியாது, ஆனாலும் எனக்கு இது ஆச்சரியமா இல்ல. கூட்டத்துல பேசத் தெரிஞ்சவனுக்கு இன்னொரு கூட்டம் கெடைச்சுது, அவ்ளோதான்.

வாட்ஸப்பயே எடுத்துக்கோங்க. 2014 நவம்பர்ல நீல டிக் வந்துச்சு, ஜனங்க கத்தினதும் அத அணைச்சு வைக்கற வசதி குடுத்தாங்க, ஆனா குரூப் மெசேஜுக்கு அணைக்க முடியாது. அதாவது நீ படிச்சுட்டன்னு தெரியும், பதில் போடலன்னும் தெரியும். ஒருத்தருக்கு பொறந்தநாள்னா அறுவது கேக்கு வரும், அறுவத்தோராவது கேக்க நீ போடலன்னா அண்ணி கண்டிப்பா கவனிப்பாங்க. 2021 லாக்டவுன்ல க்ளப்ஹவுஸ்னு கொரல்ல மட்டும் பேசற ஆப் வந்தப்போ நம்ம தமிழ் ஜனங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம் ரூமா உக்காந்து பேசினாங்க, கீழ சும்மா கேட்டுட்டு இருந்தவங்கள மேடைக்கு வாங்க வாங்கன்னு கூப்ட்டே வெரட்டி விட்டாங்க.

எழுத்துல, பொறுமையா, நேரம் எடுத்துகிட்டு நடக்கற ஒரு சமூகம் வேணும்னா அதுக்கு முன்மாதிரி நம்ம ஊர்லயே ஒண்ணு இருந்திருக்கு. ஸ்ரீ அரவிந்தர் 1910ல பாண்டிக்கு வந்தார், 1926 நவம்பர் 24க்கு அப்புறம் தனியா தன்னோட அறைக்குள்ள ஒதுங்கிட்டார், வருஷத்துல சில தரிசன நாள் தவிர யாரும் பாக்க முடியாது. ஆனா 1930கள்ல சீடருங்க கேள்விய நோட்டுல எழுதி குடுத்தனுப்புவாங்க, ராத்திரி முழுக்க உக்காந்து பதில் எழுதுவார், நோட்டு திரும்பி வரும். தியானத்துலேர்ந்து கவிதை, சண்டை சச்சரவு வரைக்கும் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. 1938 நவம்பர்ல கால் எலும்பு முறிஞ்சு அது பெரும்பாலும் நின்னுபோச்சு, அந்தக் கடிதங்க பின்னாடி பாகம் பாகமா புத்தகமாச்சு. அவர் இன்ட்ரோவர்ட்டான்னு நான் சொல்ல வரல, அவர் ஒதுங்கினது யோகத்துக்காக, அந்தக் கணக்கே வேற. ஒரே ஆசிரமத்துல இருந்தும் மூஞ்சி பாக்காம, பதிலுக்கு ஒரு ராத்திரி அவகாசம் குடுத்து, அவ்ளோ நெருக்கமா ஒரு கூட்டம் இருக்க முடிஞ்சுதே, அதான் நான் பாக்கறது.

இப்ப குரூப் நடத்தறவங்களுக்கு. சும்மா படிச்சுட்டு போறவங்கள மெம்பர் இல்லன்னு நெனைக்காதீங்க. ஜேக்கப் நீல்சன் 2006ல எழுதின கணக்குப்படி ஆன்லைன் கூட்டம் எதுலயும் ஏறக்குறைய 90 சதவீதம் வெறுமனே படிக்கறவங்க, 9 சதவீதம் எப்பவாவது எழுதறவங்க, 1 சதவீதம்தான் விடாம எழுதறவங்க. அது துல்லியமான சட்டம் இல்ல, எடத்துக்கு எடம் மாறும், ஆனா போக்கு அதான். ஜென்னி ப்ரீஸும் கூட்டாளிகளும் 2004ல நேரா அந்த படிக்கறவங்க கிட்டயே ஏன் எழுதலன்னு கேட்டாங்க. பாதிக்கு மேல சொன்ன பதில், எழுத வேண்டிய தேவையே வரல, படிச்சதே போதுமா இருந்துச்சு. கொஞ்ச பேர், நாம எழுதாம இருக்கறதே ஒரு உதவின்னு சொல்லியிருக்காங்க, எனக்கு அந்தப் பதில் ரொம்ப புடிச்சுது. அதனால "ஆக்டிவா இல்லாதவங்கள ரிமூவ் பண்ணப்போறேன்"னு மாசக் கடைசில மெரட்டற அட்மின், இன்ட்ரோவர்ட் குரூப்புக்கு மட்டும் வேணாம்.

குரூப்புக்கு இன்ட்ரோவர்ட்டுன்னு பேர் வைக்காம இருக்கறது இன்னும் நல்லது. நம்மள பத்தியே பேசிட்டு இருந்தா ரெண்டு மாசத்துல "நாங்கல்லாம் ஆழமானவங்க, அவங்கல்லாம் வெத்து வேட்டு"ங்கற மீம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு பொருள நடுவுல வைங்க, ஆளுங்க அத சுத்தி உக்காருவாங்க. நான் இருக்கற குரூப் ஒண்ணு மரம், பறவை பத்தினது, ஊசுட்டேரில பறவை பாக்கப் போறவங்கள்ல ஆரம்பிச்சு இப்ப கடலூர் ஆளுங்களும் இருக்காங்க. ஞாயித்துக்கிழம ஒரு கேள்வி வரும், அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். உங்க தெருவுல இப்ப என்ன பூத்திருக்குன்னு ஒரு வாரம் கேட்டிருந்தாங்க. ஒரு அம்மா பூவரசு பூவ போட்டோ புடிச்சு போட்டாங்க, ஒரு வார்த்தை எழுதல. ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் ராத்திரி பதினொண்ற மணிக்கு மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு பதில்: "சரக்கொன்றை. காம்பவுண்டு ஓரம். பாதி கிளைய கரண்ட்காரங்க வெட்டிட்டாங்க, மிச்ச பாதில பூத்திருக்கு." அது வரைக்கும் அவர் குரூப்ல எழுதினதே இல்ல. யாரும் "அட, நீங்க பேசுவீங்களா"ன்னு கேக்கல, அடுத்தவர் அவர் தெரு மரத்த போட்டார். இந்த "அட, நீங்க பேசுவீங்களா" இருக்கே, அத ஒரே ஒரு தடவை கேட்டா போதும், அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்த ஆளு வாயத் தொறக்க மாட்டார்.

பொம்பளைங்க அமைதியா இருக்கறத அப்படியே இன்ட்ரோவர்ஷன் கணக்குல எழுதிடாதீங்க. வாட்ஸப் குரூப்ல சேந்தா நம்பர் எல்லாருக்கும் தெரியும், ஒரு பதில் போட்டா அன்னிக்கு ராத்திரியே தனியா "ஹாய்", "சாப்டீங்களா" வர ஆரம்பிக்கும், அப்புறம் எதுக்கு பேசுவாங்க. டெலிகிராம்ல நம்பர மறைச்சு யூசர் நேம் மட்டும் வச்சுக்கலாம், அது ஒரு வழி. இன்னொண்ணு, தனி மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடி குரூப்லயே கேக்கணும்னு ஒரு விதி, மீறினா மறு பேச்சு இல்லாம வெளிய. இத மட்டும் அட்மின் தயவு தாட்சணியம் பாக்காம செய்யணும், மத்த விதிங்கள்ல கொஞ்சம் அசால்ட்டா இருந்தாலும் பரவால்ல.

குரூப் கால் வேணாம். வாய்ஸ் நோட் போட்டா கீழ ரெண்டு வரில என்ன சொன்னீங்கன்னு எழுதிடுங்க, அஞ்சு பேர் இருக்கற ரூம்ல ஸ்பீக்கர்ல கேக்க முடியாது. வாட்ஸப்ல 1024 பேர் வரைக்கும் சேக்கலாம்ங்கறதுக்காக சேக்கணும்னு இல்ல. வாக்கெடுப்பு, ரியாக்‌ஷன் ரெண்டும் 2022ல வந்துச்சு, பேசாமலே கலந்துக்க அத விட நல்ல வசதி இல்ல, ஒரு கட்டை விரல பதில் இல்லன்னு கொறை சொல்லாதீங்க.

நேர்ல பாக்கணும்னு எப்பவாவது ஆசை வரும், வரட்டும். எதிரும் புதிருமா டேபிள்ல உக்கார வைக்காதீங்க, நடங்க. சாயந்தரம் பீச் ரோட்ல வண்டி விட மாட்டாங்க, காந்தி செலைலேர்ந்து கிளம்பி நாலு நாலு பேரா நடந்தா மூஞ்சிய பாத்துகிட்டே பேசணும்னு கட்டாயம் இல்ல, பேச்சு நின்னா கடல பாக்கலாம். எத்தன மணிக்கு முடியும்னு முன்னாடியே சொல்லிடுங்க. முடியற நேரம் தெரிஞ்சாத்தான் பாதி பேர் வரவே செய்வாங்க, நம்ப மாட்டீங்க, ஆனா அதான்.

"கொஞ்சம் கலகலன்னு இருந்து பழகிக்கோ, சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு 2019ல மெல்போர்ன்ல ஒரு பரிசோதனை நடந்துச்சு. ஒரு வாரம் முழுக்க எக்ஸ்ட்ரோவர்ட் மாதிரி நடந்துக்க சொன்னாங்க. சராசரியா பாத்தா ஜனங்களுக்கு சந்தோஷம் கூடிச்சு, அதுல பொய் இல்ல. ரொம்ப இன்ட்ரோவர்ட்டா இருந்தவங்களுக்கு மட்டும் அந்தப் பலன் கொறைவு, களைப்பு ஜாஸ்தி, நாம நாமளா இல்லங்கற உணர்வும் இருந்துச்சு. எப்பவாவது ஒரு நாள் இழுத்துப் புடிச்சு பேசலாம், அதையே தெனப்படி சட்டமா வைக்க முடியாது.

அட்மின் பத்தி ஒண்ணு. அட்மினும் இன்ட்ரோவர்ட்டா இருந்தா தொண தொணன்னு கேட்டு அரிக்க மாட்டார்ங்கறது லாபம், ஆறு மாசத்துல அவரே காணாம போயிடுவார்ங்கறது நஷ்டம். ரெண்டு பேர வைங்க, ஒருத்தர் ஒதுங்கினா இன்னொருத்தர் பாத்துக்கட்டும், அதுல ஒருத்தர் கலகலப்பான ஆளா இருந்தாலும் தப்பில்ல, ஞாயித்துக்கிழம கேள்வி போட யாராச்சும் வேணும்ல. 2022லேர்ந்து குரூப்ப விட்டு போனா அட்மினுக்கு மட்டும்தான் தகவல் வரும், அந்த தகவல வச்சுகிட்டு "ஏன் போனீங்க"ன்னு போன் பண்ணாதீங்க, திரும்பி வந்தா லிங்க் குடுங்க, போதும். குரூப்ப நடத்த ஆளே இல்லாம போச்சுன்னா அழிக்கவும் வேணாம், அட்மின் மட்டும் எழுதலாம்னு செட்டிங்ஸ்ல மாத்தி வச்சுட்டா பழசெல்லாம் படிக்கறவங்களுக்கு அப்படியே இருக்கும்.